வந்த வழியே திரும்ப விடுங்கள்

“பழசையே போட்டுக் குடுத்துருங்கண்ணே, அதுவே போதும்” என்று கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் ஒருவர் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் படித்தவர் யாராவது புன்னகை செய்யாமல் இருப்பதில்லை. உலகமே விண்டோஸ் பதினொன்றில் குடியேறிக்கொண்டிருக்கையில் இந்த மனிதர் விண்டோஸ் ஏழையோ எக்ஸ்பியையோ கேட்கிறாரே, இவரெல்லாம் எப்போது திருந்துவது என்பது அந்தப் புன்னகையின் பொருள். அதில் கொஞ்சம் இரக்கம் இருக்கும். நிறைய அகம்பாவம் இருக்கும். அந்தப் புன்னகைக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய பதிப்பைக் கேட்கிறவர் தம்முடைய தொழில் எந்தக் கருவியால் நடக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறவர். காசு கொடுத்து வாங்கிய யந்திரத்தில் எது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை வாங்கினவருடையது. புதியது ஒத்துவராவிட்டால் வந்த வழியே திரும்பிப் போவதும் அந்த உரிமையில் அடக்கம். இது என் கட்சி. இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறது என்பதே நம் காலத்தின் விசித்திரம்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பதைத் தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். நல்ல சொல்தான். தளம் என்றால் தரை. நாம் எழுதுவது, கணக்குப் போடுவது, படம் வரைவது எல்லாம் அந்தத் தரையின்மேல் நிற்கிற பீரோவும் கட்டிலும் போல. பீரோ பத்திரமாக இருக்கும்போதே, ‘தரை பழசாகிவிட்டது, புதுத் தரை போடுகிறோம்’ என்று ஒருவர் வந்து பெயர்த்தால் பீரோ ஆடும், கதவு திறக்காது, சில சமயம் உள்ளே இருப்பது உடையும். உலகத்தின் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தரை போட்டுக் கொடுக்கிற மைக்ரோசாப்ட் கம்பெனி 2001 அக்டோபரில் எக்ஸ்பி என்ற தரையைப் போட்டது. 2007 ஜனவரியில் விஸ்டா. 2009-ல் ஏழு, 2012-ல் எட்டு, 2015-ல் பத்து, 2021-ல் பதினொன்று. ஒன்பது எங்கே என்று கேட்காதீர்கள். அதைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

இவற்றில் விஸ்டா வந்தபோதுதான் ‘திரும்பிப் போகிறோம்’ என்ற குரல் முதன்முதலாகப் பெரிய அளவில் கேட்டது. எக்ஸ்பியில் துள்ளி ஓடிய யந்திரம் விஸ்டாவில் மூச்சு வாங்கியது. எக்ஸ்பியைக் கடைகளில் விற்பதை 2008 ஜூனோடு நிறுத்தப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்ததும், அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கையெழுத்து வேட்டை தொடங்கியது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அவர்களில் யாரும் உசிலம்பட்டிக்காரர் அல்லர். அமெரிக்காவின் படித்த கூட்டம் பழசைக் கேட்டபோது அது ‘வாடிக்கையாளரின் விருப்பம்’. தெற்கு மாசி வீதிக்காரர் கேட்டால் ‘பத்தாம்பசலித்தனம்’. நல்ல நியாயம்!

மதுரைக்கு வருவோம். மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவே உள்ள சந்துகளில் நுழைந்து, மாடிப்படி ஏறிப் பாருங்கள். ஏணிக்கும் படிக்கும் நடுத்தரமான ஒன்றில் ஏறினால் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கும். அதற்கு டி.டி.பி. சென்டர் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, அவ்வப்போது ஒரு நாவல் எல்லாம் இந்த அறைகளில்தான் எழுத்தாகின்றன. சாவுக்கும் வாழ்வுக்கும் சுவரில் தாள் ஒட்டுகிற ஊர் இது. சித்திரைத் திருவிழா நெருங்கும் வேளையில் மண்டகப்படிக்காரர்கள் அந்தப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த அறையின் மேசையில் பளபளப்பான கம்ப்யூட்டர் ஒன்று இருந்தாலும், மூலையில் இன்னொன்று இருக்கும். மஞ்சள் பூத்த பெட்டி. பல அறைகளில் அதில் ஓடுவது எக்ஸ்பி. எக்ஸ்பியின்மேல் ஓடுவது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் ஏழாம் பதிப்பு 2001-ல் வந்தது, அதுவே கடைசி. அதை உண்டாக்கிய ஆல்டஸ் கம்பெனியை 1994-லேயே அடோபி கம்பெனி வாங்கிவிட்டது. வாங்கியவர்கள் வேறொரு மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டு, பேஜ்மேக்கரை அநாதையாக விட்டார்கள். அநாதையை எடுத்து வளர்த்தது தமிழ்நாட்டின் அச்சுத் தொழில்.

ஏன் வளர்த்தார்கள் என்பதற்குக் காரணம் தமிழ் எழுத்து. பழைய காலத்துக் கம்ப்யூட்டர் எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். அவை ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் என்று ஒதுக்கப்பட்ட இடங்கள். நம்மவர்கள் அந்த அறைகளுக்குள் புகுந்து, ஆங்கில எழுத்தின் இலக்கத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். யந்திரம் தான் ஏதோ ஓர் ஆங்கில எழுத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் ‘க’ தெரியும். வாடகைக்குக் குடிபோய்ச் சொந்த வீடு மாதிரி வாழ்ந்த சாமர்த்தியம் அது. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் குடியேறினார்கள். பாமினியில் ‘க’ இருக்கிற இடம் வேறு, வானவில்லில் வேறு, ஸ்ரீலிபியில் வேறு. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் பேய் எழுத்தாகத் தெரியும். 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, பொதுவான விசைப்பலகை, பொதுவான எழுத்துக் குறியேற்றம் என்று முடிவு செய்தது. அதற்குள் கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை அவரவர் எழுத்தில் அடித்து முடித்திருந்தார்கள்.

போதாக்குறைக்கு, அந்தக் காலத்து எழுத்து மென்பொருள்கள் சிலவற்றோடு ஒரு பூட்டும் வரும். கட்டைவிரல் நீளத் துண்டு. கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் செருகுகிற பெரிய துளையில் அதைச் செருகினால்தான் எழுத்து வேலை செய்யும். இன்று கடைக்கு வருகிற யந்திரங்களில் அந்தத் துளையே கிடையாது. துளை இருந்தாலும், பூட்டோடு பேசத் தெரிந்த சிறு நிரல் புதிய தரையில் ஓடுவது நிச்சயமில்லை. விண்டோஸ் பதினொன்று 64 பிட் வடிவத்தில் மட்டுமே வருகிறது. 16 பிட் காலத்து நிரல் எதுவும் அதில் ஓடாது. ‘ஓடாது’ என்றால் மெதுவாக ஓடும் என்று அர்த்தமில்லை. கதவையே திறக்க மாட்டார்கள்.

புதிய தரையில் பேஜ்மேக்கரை எப்படியோ நிறுத்திவைக்கிற கெட்டிக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிறுத்திவிடலாம். பிரிண்டரோடு அது பிணங்கும். ஒற்றெழுத்தின் புள்ளி எங்கோ போய் உட்காரும். ஒரு வரியில் ஒரு சொல் கீழே இறங்கும். கல்யாணப் பத்திரிகைக்கு இதனால் மோசமில்லை, கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். முந்நூறு பக்க நாவலில் ஏழாம் பக்கத்தில் ஒரு சொல் இறங்கினால் முந்நூறாம் பக்கம் வரை அத்தனை வரியும் நகரும். என்னுடைய நாவல் ஒன்றின் மறுபதிப்புக்கு இந்த நிலைமை வந்தது. புதிய யந்திரத்தில் திறந்து பார்த்தோம். என் கதாநாயகி அழுகிற இடத்தில் ஆங்கிலக் காற்புள்ளிகளும் கேள்விக்குறிகளும் சிதறிக் கிடந்தன. அதுவும் ஒரு விதத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது. முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யலாம். செய்தால் பழைய பிழைகளோடு புதிய பிழைகளும் சேரும், மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். வடிவமைப்பாளர் ஒன்றும் பேசாமல் அந்த யந்திரத்தில் இருந்த புதிய பதிப்பைத் துடைத்தார், எக்ஸ்பியை ஏற்றினார், அதன்மேல் பேஜ்மேக்கரையும் எழுத்துருவையும் ஏற்றினார். அரை நாள் வேலை. கோப்பு கண்ணாடி போலத் திறந்தது. அவரைப் பார்த்து யாராவது பிற்போக்குவாதி என்று சொல்லிப் பார்க்கட்டும்!

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் மொய் எழுதுவதற்கு இப்போது லாப்டாப் வந்துவிட்டது. பெயர், ஊர், தொகை மூன்றையும் தட்டினால் மொய் வைத்தவர் கையில் ரசீது. பந்தலில் ஆயிரம் பேர் நிற்கிறபோது, அந்த யந்திரம் தன்னிச்சையாக ‘என்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்’ என்று திரையைக் காட்டிக்கொண்டு சுழன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மொய் நோட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் அது இரண்டு குடும்பங்களுக்குப் பத்து வருஷத்துப் பகை. அமெரிக்காவில் உட்கார்ந்து இந்த நிரலை எழுதுகிறவருக்கு மொய் என்றால் என்ன என்று தெரியாது; தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு வேண்டியது, அவர் நம் பந்தலுக்குள் கேளாமல் நுழையாதிருப்பதுதான்.

கேளாமல் நுழைந்தார்களா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். ஏழையும் எட்டையும் வைத்திருந்தவர்களின் திரையில் ‘பத்துக்கு வாருங்கள்’ என்று ஓர் அழைப்புப் பெட்டி முளைத்தது. பெட்டியின் மூலையில் பெருக்கல் குறி இருக்கும். அதைத் தட்டினால் ‘வேண்டாம், மூடு’ என்று அர்த்தம். இருபது வருஷமாக அந்தக் கம்பெனியே ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தம் அது. அந்த வருஷம் மே மாதத்தில் அதைத் தட்டினவர்களையும் சம்மதித்தவர்கள் கணக்கில் சேர்த்து, குறித்த நேரத்தில் பத்தை ஏற்றிவிட்டார்கள். ‘வேண்டாம்’ என்று தலையாட்டியவனைத் ‘தலையாட்டினாயே’ என்று சொல்லி மாலை போட்ட கதை! கலிபோர்னியாவில் சிறிய பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி, தம் அனுமதியில்லாமல் ஏறிய பத்தாம் பதிப்பால் யந்திரம் முடங்கித் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்டு, 10,000 டாலர் பெற்றார். கம்பெனி மேல்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது.

இனி, பழசுக்குத் திரும்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். திரும்பிப் போவது அவமானம் என்றால், அந்த அவமானத்தை இந்தக் கம்பெனிகளே எத்தனை முறை பட்டிருக்கின்றன? எட்டாம் பதிப்பில், பதினேழு வருஷமாகத் திரையின் இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டார்கள், ஊர் சிரித்தது, 2013 அக்டோபரில் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி பத்தாம் பதிப்புக்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டார்கள். அது சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. நான்கே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திருத்தி மறுபடி வெளியிட்டது நவம்பர் 13-ஆம் தேதி. 2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். விண்டோஸுக்குக் காவல் நிற்கிற கிரௌட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் கோளாறான புதுப்பிப்பு ஒன்று உலகமெங்கும் 85 லட்சம் யந்திரங்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிப் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். தவற்றை உணர்ந்த கம்பெனி 78 நிமிடத்தில் தன் பக்கத்தில் பழையபடி மாற்றிவிட்டது. ஏற்கெனவே விழுந்த யந்திரங்களுக்குச் சொன்ன மருந்தும், புதிதாக வந்த கோப்பை அழித்துவிடு என்பதுதான்.

பெரியவர்களுக்குத் திரும்பிப் போக 78 நிமிடமோ நான்கு நாளோ போதும். நமக்கு என்ன கொடுக்கிறார்கள்? புதிய பதிப்பு ஏறிய பத்து நாளுக்குள் வேண்டுமானால் திரும்பலாம் என்று ஒரு சலுகை. 2015-ல் அது முப்பது நாளாக இருந்தது; அடுத்த வருஷமே பத்தாகக் குறைத்தார்கள். பத்து நாள் கழித்துப் பழைய பதிப்பின் கோப்புகள் தாமாக அழிந்துபோகும். மதுரைப் பக்கத்துக் கடைக்காரருக்கு மாதக் கடைசியில்தான் கணக்கு முடிப்பு. கணக்குப் புரோகிராம் புதிய பதிப்பில் ஓடவில்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். பட்டுச் சேலை எடுத்தால்கூட, சாயம் போகிறதா என்று பார்க்க ஒரு சலவை வேண்டாமா?

விஸ்டா காலத்தில் சட்டபூர்வமான உரிமை ஒன்று கொடுத்ததாகச் சொல்வார்கள். ‘பதிப்பிறக்க உரிமை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். யாருக்கு? வீட்டு உபயோகத்துக்கு மலிவுப் பதிப்பு வாங்கினவருக்குக் கிடையாது. பிஸினஸ், அல்டிமேட் என்று அதிக விலைப் பதிப்புகளை வாங்கினவருக்கு மட்டும். அவரும் எக்ஸ்பியின் தகட்டைத் தாமே எங்காவது தேடிக்கொள்ள வேண்டும். சாப்பிடலாம், இலையை நீயே கொண்டு வா என்கிற விருந்தோம்பல். ஆகக் கடைசியில் திரும்பிப் போகிற உரிமையும் ஒரு சரக்கு. விலைப்பட்டியலில் அதற்கும் ஒரு வரி.

கைப்பேசிகளின் கதை இன்னும் மோசம். ஐபோனில் புதிய பதிப்பு வந்த சில வாரங்களுக்குள் முந்தின பதிப்புக்குக் கையொப்பமிடுவதை ஆப்பிள் கம்பெனி நிறுத்திவிடும். அந்தக் கையொப்பமில்லாத பதிப்பைக் கைப்பேசி ஏற்காது. வந்த வழியில் சுவர் எழும்பிவிட்டது. இந்தச் சுவரைப் பற்றி ஐரோப்பிய அரசாங்கங்கள் சொன்னதை நம் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. தாங்க முடியாத புதுப்பிப்பைப் பழைய கைப்பேசிகளில் ஏற்றச் செய்து, அவை மந்தமானபின் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி செய்யாதது குற்றங்களில் ஒன்று. 2020 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிகாரிகள் ஆப்பிளுக்கு விதித்தது இரண்டரைக் கோடி யூரோ. முந்தின பதிப்புக்குத் திரும்ப முடியாததால் பலர் பாட்டரியையோ கைப்பேசியையோ மாற்ற நேர்ந்திருக்கும் என்பதை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற நம் வடிவமைப்பாளர் சொல்வதைத்தான் ரோமாபுரியிலும் பாரிஸிலும் அரசாங்க முத்திரையோடு சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்காரர்களிடம் பலமான வாதம் ஒன்றுதான் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ‘பழைய பதிப்புக்குக் காவல் கிடையாது, ஓட்டைகள் அடைக்கப்படா, திருடன் புகுவான்’ என்கிறார்கள். உண்மை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும், ஏழுக்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், பத்துக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் கம்பெனியின் இலவசக் காவல் முடிந்தது. அப்படிப்பட்ட யந்திரத்தை இணையத்தில் இணைத்து அதில் பாங்கு வரவுசெலவு பார்ப்பது, தெருவாசலைத் திறந்துபோட்டுவிட்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவது மாதிரி. ஆனால் அந்த மூலைப் பெட்டியில் இணையக் கம்பியே செருகியிருக்காது. தொழில் தெரிந்தவர்கள் அதைத் தனியாக நிறுத்திவைத்து, வேலை முடிந்த பக்கத்தை மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அப்படிச் செய்யாத கடைகளும் உண்டு. அவர்களைக் கண்டிக்க வேண்டியதுதான். தனித்து நிறுத்தத் தெரியாதவர் பழசுக்குத் திரும்பவே கூடாது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் காவல் ஏன் முடிந்தது? யந்திரம் கிழப்பருவம் எய்திவிட்டதாலா? 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற கொள்ளை நிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கியது. அது புகுந்த ஓட்டைக்கு ஏழு முதலிய பதிப்புகளுக்கு மார்ச் மாதமே ஒட்டுப் போட்டிருந்தார்கள். எக்ஸ்பிக்கும் ஒட்டு தயாராகத்தான் இருந்தது. தனியாகப் பணம் கட்டிக் காவல் வாங்கிய பெரிய நிறுவனங்களுக்கென்று அது வைக்கப்பட்டிருந்தது. வீடு பற்றியெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பத்தாம் பதிப்பிலும் இதே கதை. 2025 அக்டோபரோடு முடிந்தது என்று அறிவித்துவிட்டு, மேலும் ஒரு வருஷக் காவலுக்கு 30 டாலர் என்று விலையும் வைத்தார்கள். அவர்கள் சொல்கிற வேறு நிபந்தனைகளுக்கு இணங்கினால் அந்தக் காசு வேண்டாம். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் கூச்சல் போட்டதும் அங்கே இலவசம் என்று இறங்கிவந்தார்கள். செத்துவிட்டது என்று சங்கு ஊதிய உடம்பு முப்பது டாலரைக் கண்டதும் எழுந்து உட்காருகிறது என்றால், நோய் எங்கே இருக்கிறது என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பதினொன்றுக்குப் போகலாமே என்றால், அதற்கும் எல்லா யந்திரமும் தகுதி பெறவில்லை. அதற்கென்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கம்பெனியின் எட்டாம் தலைமுறைக்கு முந்தின மூளைகளை, சிலவற்றைத் தவிர, ஏற்க மாட்டார்கள். 2017-ல் மேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் கடன் வாங்கிப் புதிதாக வாங்கிய யந்திரம் அநேகமாக அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கும். கடன் அடைந்ததோ இல்லையோ, யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சீட்டு வந்துவிட்டது.

இன்னொரு வாதத்தைப் பண்டிதர்கள் வைக்கிறார்கள். யூனிகோடு வந்துவிட்டது, 2010-ல் தமிழக அரசே அதை ஏற்று ஆணையிட்டது, ஆகவே பாமினியையும் பேஜ்மேக்கரையும் கட்டி அழுகிறவர்கள் தமிழுக்கே துரோகிகள் என்கிறார்கள். யூனிகோடு நல்லது. தமிழ் எழுத்து வாடகை வீட்டை விட்டுச் சொந்த மனையில் கட்டிக்கொண்ட வீடு அது. புதிதாக எழுதுகிற எதையும் அதில்தான் எழுத வேண்டும். நானும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் சொந்த வீடு கட்டியதும் வாடகை வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டங்களை அங்கேயே பூட்டிவிட்டு வந்துவிடுவோமா? தமிழ்ப் புத்தகங்களைத் தொழில் முறையில் வடிவமைக்கிற அளவுக்கு யூனிகோடைப் புரிந்துகொண்ட இன்டிசைன் பதிப்பு வந்ததே 2012-ல்தான். அதற்கு முந்திய இருபது வருஷத்துப் புத்தகங்கள், மலர்கள், ஊர் வரலாறுகள், சிறு பத்திரிகைகள் ஏராளமாகப் பழைய குறியேற்றத்தில் கிடக்கின்றன. அவற்றை மாற்றித்தர நிரல்கள் இருக்கின்றன. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். திறக்கப் பேஜ்மேக்கர் வேண்டும். அது ஒழுங்காக நிற்கப் பழைய தரை வேண்டும். அக்கரைக்குப் போகிற பாலத்தின் இந்தக் கரைக்கால் எக்ஸ்பி. அதை வெட்டிவிட்டு அக்கரைக்கு வா என்றால் எப்படி வருவது?

1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் போய், இன்றைய எழுத்து வந்தது. அதை அன்று சிலர் எதிர்த்தார்கள், சிலர் வரவேற்றார்கள். ஆனால் மறுநாள் காலையில் எந்த வீட்டிலும் பழைய புத்தகம் படிக்க முடியாமல் போய்விடவில்லை. பாட்டிகள் சாகும்வரை துதிக்கை போட்டுக் கடிதம் எழுதினார்கள், பேரன்கள் படித்தார்கள். அச்சகத்தில் பழைய ஈய எழுத்தை வைத்திருந்தவரின் பெட்டியை இரவோடிரவாக யாரும் வந்து காலி செய்யவில்லை. முன்னேற்றம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பேன். புதியதைக் கொடு; நன்றாயிருந்தால் நாங்களே வருவோம்; எங்கள் பெட்டியில் கை வைக்காதே.

இது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்கள் டெபியனைப் பார்க்கட்டும். உலகத்தின் பல நாட்டார் கூடிச் சம்பளமில்லாமல் வளர்க்கிற இயங்குதளம் அது. 1990-களில் வெளியிட்ட பதிப்புகளைக்கூட ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசும் இல்லை, கையொப்பமும் இல்லை. நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றை உருவாக்கினார்கள். 2014-ல் எக்ஸ்பியின் காவல் முடிகிற வேளையில், அரசு அலுவலகங்களில் அதை ஏற்றச் சொல்லித் தமிழக அரசு அறிவுறுத்தியது. நல்ல யோசனைதான். பாமினிக் கோப்பைத் திறக்கிற சாவி அதில் இல்லை என்பதுதான் எங்கள் மாடிப்படிக்காரர்களின் சங்கடம். சம்பளமில்லாதவர்கள் முப்பது வருஷத்துப் பதிப்பை வைத்துக் காக்கும்போது, உலகத்திலேயே பெரிய பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றுக்கு இடமில்லை என்றால் நம்புகிறவர் நம்பட்டும்.

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் அதற்கென்று இணையவாசலும் திறந்தார்கள். விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். திருகாணியையும் பாட்டரியையும் பற்றி யோசிக்கிறவர்கள் தரையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். யந்திரத்தோடு வந்த பதிப்பை, யந்திரம் உயிரோடிருக்கிற வரையில், உரியவர் எப்போது கேட்டாலும் திரும்ப ஏற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். தகட்டைக் கள்ளச் சந்தையில் தேடவைக்கக் கூடாது. காவலை நிறுத்துகிற நாளில், இனி அது தங்களுக்கு வேண்டாத சொத்து என்று ஒப்புக்கொண்டு, ஓட்டையை மற்றவர்களாவது அடைக்கட்டும் என்று மூல நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி யோசனையைக் கேட்டால் கம்பெனி வக்கீல்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கடையில் நின்ற படித்தவரின் சிரிப்பைவிட அதில் அர்த்தம் இருக்கும்.

அதுவரையில் எங்கள் ஊர் வடிவமைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்டியின் வட்டு ஒருநாள் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சென்னைக்குப் போகிறவர்களிடம் ரிச்சி தெருவில் பெரிய பிரிண்டர் துளை உள்ள பழைய மதர்போர்டு கிடைத்தால் வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்பி தகட்டின் நகல் ஒன்று கடை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இன்னொன்று வீட்டுப் பீரோவில், நிலப் பத்திரத்தோடு.